படிச்சதாலதானா?

போன சனிக்கிழமை வகுப்பில் ஒரு கேள்வி போட்டேன். ஒரு வாரமாக அது மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதினால்தான் இறங்கும் போலிருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் எங்கள் பகுதிக் கிளை நூலகத்தின் மாடியில், பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் சாயங்காலம் ரீசனிங் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தத் தேர்வை எழுதித்தான் நானும் வங்கி வேலைக்குப் போனேன். ரீசனிங்கில் 'காரணமும் விளைவும்' என்று ஒரு பகுதி வரும். இரண்டு கூற்றுகளைக் கொடுத்துவிட்டு அவற்றுக்குள் என்ன உறவு என்று கேட்பார்கள். விடை ஐந்தில் ஒன்று. (அ) முதல் கூற்று காரணம், இரண்டாவது விளைவு. (ஆ) இரண்டாவது காரணம், முதலாவது விளைவு. (இ) இரண்டும் தனித்தனிக் காரணங்கள். (ஈ) இரண்டும் வெவ்வேறு காரணங்களால் வந்த விளைவுகள். (உ) இரண்டும் ஒரே பொதுக் காரணத்தால் வந்த விளைவுகள். எழுதியவர்களுக்கு இந்த ஐந்தும் மனப்பாடமாக இருக்கும்.

நான் போர்டில் எழுதியது இதுதான். ஓர் ஊரில் பத்து வருடத்தில் பட்டதாரிகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. அதே பத்து வருடத்தில் அந்த ஊர் வீடுகளின் வருமானமும் கூடியிருக்கிறது.

பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினாலு பேர் (அ) என்று கை தூக்கினார்கள். படிப்பு கூடினால் வருமானம் கூடும், இதில் என்ன சந்தேகம் என்கிற முகம். மூன்று பேர் (ஆ). ஒரு பையன் (உ). ஒரு பெண் மட்டும் எதற்குமே கை தூக்கவில்லை. என்னம்மா என்று கேட்டேன்.

"எங்கூட்ல இது தலைகீழா இருக்குங் சார்" என்றாள்.

பி.காம். முடித்து இரண்டு வருடமாகத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள். தம்பி பிளஸ் டூ முடித்ததும் காலேஜ் வேண்டாம் என்று பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். முதலில் கைமடி வேலை. இப்போது ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்துவிட்டான். சனிக்கிழமை ராத்திரி வாரச் சம்பளத்தைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுக்கிறான். அக்காவின் பரீட்சைக் கட்டணம், பஸ் காசு எல்லாம் அதிலிருந்துதான். அம்மா தினமும் சொல்வாராம்: "படிச்சவ குக்கீட்டு இருக்கறா, படிக்காதவன் சோறு போடறான்."

அதற்குமேல் அன்றைக்கு வகுப்பு ஓடவில்லை.

யோசித்துப் பார்த்தால், அந்த அம்மா சொன்னதும் பதினாலு பேர் சொன்னதும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆனால் இரண்டுமே ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. இரண்டு விஷயம் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறது. உடனே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி போட்டுவிடுகிறோம். காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. காக்கை உட்காராமல் இருந்திருந்தால் பழம் விழுந்திருக்குமா என்று கேட்பதற்கு நமக்கு அவகாசம் இல்லை.

நம் மொழியில் இதைப் பற்றிய யோசனை புதிதில்லை. மணிமேகலையின் 29ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார். அங்கே ஏதுப்போலி என்று ஒரு சொல் வருகிறது. ஏது என்றால் காரணம். காரணம் போலத் தோன்றி, சோதித்தால் நிற்காதது ஏதுப்போலி. அதில் ஒரு வகைக்கு அநைகாந்திகம் என்று பெயர். நான் நிரூபிக்க நினைப்பதோடும் பொருந்தும், அதற்கு எதிரானதோடும் பொருந்தும், அதனாலேயே எதையும் நிரூபிக்காது. 'பட்டதாரிகள் அதிகம் சம்பாதிக்கிறார்கள்' என்ற கூற்று அப்படிப்பட்டதுதான். அது (அ) சரியாக இருந்தாலும் உண்மையாக இருக்கும், (ஆ) சரியாக இருந்தாலும் உண்மையாக இருக்கும், (உ) சரியாக இருந்தாலும் உண்மையாக இருக்கும். தேர்வுத்தாளில் ஒரு வட்டத்தைத்தான் கருப்பாக்க முடியும். ஊரில் இந்த மூன்றும் ஒரே வீட்டுக்குள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

முதலில் (ஆ). காசு இருந்தால் படிப்பு வரும் என்கிற பக்கம். பிள்ளைகள் இதை ஒரு வினோதமான விடை மாதிரிப் பார்க்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டின் பெரிய கல்வித் திட்டங்கள் எல்லாம் இந்த விடையை நம்பித்தான் போடப்பட்டவை. 1956இல் காமராசர் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டது எதற்கு? பசிக்கிற பிள்ளை பள்ளிக்கு வராது என்று தெரிந்ததால். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும் அதே கணக்குதான். 2022இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டியும், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அப்படியே. வீட்டு வருமானம்தான் படிப்பைத் தீர்மானிக்கிறது, அதை முதலில் உடைக்க வேண்டும் என்ற அறிவு இதில் எல்லாம் இருக்கிறது. 'படித்தால் முன்னேறலாம்' என்று மேடையில் பேசுகிற அதே அரசு, 'முன்னேறியவன் பிள்ளைதான் படிக்கிறது' என்பதையும் ஒப்புக்கொண்டு அடுப்பு மூட்டியிருக்கிறது. அந்தப் பெண்ணின் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. தம்பியின் சம்பளம் காரணம், அக்காவின் படிப்பு விளைவு.

(உ)வுக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது.

எனக்கு ஓர் அக்கா. எங்கள் அப்பா கோயம்புத்தூரில் மில் தொழிலாளி. அக்காவுக்குக் கணக்கு அப்படி வரும். நான் ஐந்தாவது படிக்கும்போது, எட்டாவது படித்துக்கொண்டிருந்த அவள்தான் எனக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தாள். கருவேப்பிலை ஈர்க்கை இலை இலையாக உருவி, பத்தில் மூன்று, பத்தில் ஏழு என்று தரையில் அடுக்கிக் காட்டுவாள். அந்த வருடமே அவளை நிறுத்திவிட்டார்கள். வயதுக்கு வந்துவிட்டாள், ஹைஸ்கூல் தூரம், பஸ் காசு, என்று பல காரணம். நான் படித்தேன், பட்டம் வாங்கினேன், வங்கிக்குப் போனேன். அக்கா கல்யாணம் ஆகிப் போனாள். இன்றைக்கு எங்கள் இருவரின் வருமானத்தையும் வைத்துக்கொண்டு யாராவது வந்து, 'ஒரே அப்பா அம்மா, ஒரே வீடு, படித்தவர் இவ்வளவு, படிக்காதவர் இவ்வளவு, வித்தியாசம் படிப்பால் வந்தது' என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டில் யார் படிப்பது என்று சீட்டுக் குலுக்கியா போட்டார்கள்? நான் ஆண் என்பதால் படிக்க வைத்தார்கள். நான் ஆண் என்பதால்தான் வெளியூர் வேலைக்கும் அனுப்பினார்கள், ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்பினாலும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. படிப்பையும் கொடுத்து வருமானத்தையும் கொடுத்தது ஒரே காரணம். அக்கா பட்டம் வாங்கியிருந்தாலும் அந்தக் காலத்தில் அவளை வேலைக்கு அனுப்பியிருப்பார்களா என்பது தனிக் கேள்வி.

உடன்பிறந்தவர்களை ஒப்பிடுவதில் இந்தச் சிக்கல் இருப்பதால், ஆராய்ச்சியாளர்கள் இரட்டையர்களிடம் போனார்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ட்வின்ஸ்பர்க் என்று ஓர் ஊர். வருடா வருடம் அங்கே இரட்டையர் திருவிழா நடக்கும். ஆர்லி ஆஷன்ஃபெல்டரும் ஆலன் குரூகரும் 1991 திருவிழாவில் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களைப் பேட்டி எடுத்தார்கள். அப்பா அம்மா ஒன்று, வீடு ஒன்று, உடல்கூறு ஒன்று. அப்படியும் அதிகம் படித்தவர் அதிகம் சம்பாதித்தார். நல்ல சான்றுதான். ஆனாலும் எனக்கு அங்கே ஒரு முள் குத்துகிறது. எல்லாமே ஒன்று என்றால், ஒருவர் ஏன் கூடுதலாகப் படித்தார்? ஏதோ ஒன்று வேறாக இருந்திருக்கத்தானே வேண்டும்?

ஆக, சரியான கேள்வி இதுதான்: படிப்பு கூடியதும் குறைந்ததும் அந்த ஆளின் குடும்பத்துக்கும் திறமைக்கும் ஆசைக்கும் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு காரணத்தால் நடந்த இடம் எங்காவது உண்டா? இருந்தால் அங்கே போய்ப் பார்க்கலாம்.

ஜோஷுவா ஆங்ரிஸ்டும் அதே குரூகரும் 1991இல் எழுதிய கட்டுரை இப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தது. அவர்கள் ஆராய்ந்த தலைமுறையின் காலத்தில் அமெரிக்காவில் பள்ளியில் சேர்வது வருடக் கணக்கு. ஆனால் பள்ளியை விட்டுப் போவது பிறந்தநாள் கணக்கு. பல மாநிலங்களில் பதினாறு வயது முடிந்த அன்றைக்கு நிற்கலாம். ஜனவரியில் பிறந்த பிள்ளை, தன் வகுப்பில் டிசம்பரில் பிறந்த பிள்ளையைவிடப் பல மாதம் மூத்தது. அதனால் பதினாறு சீக்கிரம் வந்துவிடும். நிற்க நினைக்கிறவன் கொஞ்சம் குறைவான படிப்போடு நிற்பான். எந்த மாதம் பிறப்பது என்பதை எந்தப் பிள்ளையும் தேர்ந்தெடுப்பதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லட்சக்கணக்கான ஆண்களைப் பார்த்தார்கள். வருடத்தின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்களுக்குப் படிப்பும் ஒரு துளி குறைவு, சம்பளமும் ஒரு துளி குறைவு. அதை வகுத்துப் பார்த்தால், ஒரு வருடக் கூடுதல் படிப்புக்கு ஏழெட்டு சதவீத அளவில் சம்பளம் கூடுகிறது என்று வந்தது. 2021இல் பொருளாதார நோபல் பரிசு மூன்று பேருக்குக் கிடைத்தபோது அதில் ஆங்ரிஸ்ட் ஒருவர். குரூகர் 2019இலேயே இறந்துவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அப்பாவின் சர்டிபிகேட் ஞாபகம் வந்தது. அவர் தலைமுறையில் கையைத் தலைக்கு மேல் வளைத்து எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது, சேர்த்துக்கொள் என்று அர்த்தம். தேதியை ஹெட்மாஸ்டர் போட்டுக்கொள்வார். அந்தத் தலைமுறையில் நிறையப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்ததாகத்தான் ஏட்டில் இருக்கும். அமெரிக்காவில் நடந்த இந்தச் சோதனையை நம் ஊரில் அப்படியே வைத்தால், கை நீளம்தான் பிறந்தநாள் என்று முடியும். ஒரு வாதம் எந்த மண்ணில் நிற்கிறது என்று பார்க்காமல் அதைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது.

அந்த மண்ணிலேயே அதற்கும் ஆட்டம் வந்தது. கேஸி பக்கிள்ஸும் டேனியல் ஹங்கர்மனும் பிறப்புப் பதிவுகளைப் பார்த்தார்கள். குளிர்கால மாதங்களில் பிள்ளை பெறும் தாய்மார்களில் இளவயதினரும் படிப்புக் குறைந்தவர்களும் சற்றுக் கூடுதலாக இருந்தார்கள். அதாவது, பிறந்த மாதம்கூட குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாதது இல்லை. வாசல் வழியாக வெளியே அனுப்பிய (உ), ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

எனக்கு மனசு ஒப்பிய ஆய்வு இந்தோனேசியாவில் நடந்தது. 1970களில் எண்ணெய் விலை ஏறி அந்த அரசிடம் பணம் கொட்டியது. 1973-74இலிருந்து 1978-79 வரைக்கும் 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டினார்கள். எந்த மாவட்டத்தில் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருந்தார்களோ அங்கே அதிகம். பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ இதை எடுத்துக்கொண்டார். 2001இல் கட்டுரை வந்தது. 2019இல் நோபல் வாங்கிய மூவரில் அவர் ஒருவர்.

அவர் யோசித்தது எவ்வளவு எளிமை என்று பாருங்கள். பள்ளி அதிகம் கட்டிய மாவட்டத்தையும் குறைவாகக் கட்டிய மாவட்டத்தையும் நேராக ஒப்பிட முடியாது. அதிகம் கட்டிய மாவட்டம் முதலிலேயே பின்தங்கிய மாவட்டம். ஒரே மாவட்டத்தின் பெரியவர்களையும் சின்னவர்களையும் நேராக ஒப்பிடவும் முடியாது. காலம் போகப் போக எல்லா ஊரிலும் எல்லாம் மாறும். அதனால் இரண்டையும் சேர்த்தார். 1974இல் இரண்டு முதல் ஆறு வயதில் இருந்த பிள்ளைகளுக்குப் புதுப்பள்ளி கிடைத்தது. அப்போது பன்னிரண்டு முதல் பதினேழு வயதில் இருந்தவர்களுக்குத் தொடக்கப்பள்ளி வயது தாண்டிவிட்டது. இந்தச் சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் உள்ள இடைவெளி, அதிகம் கட்டிய மாவட்டங்களில் எவ்வளவு, குறைவாகக் கட்டிய மாவட்டங்களில் எவ்வளவு? அந்த இரண்டு இடைவெளிக்கும் உள்ள இடைவெளிதான் பள்ளிக்கூடம் செய்த வேலை.

அத்தோடு விட்டுவிடவும் இல்லை. பன்னிரண்டு முதல் பதினேழு வயதுக்காரர்களை இன்னும் மூத்தவர்களோடு வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். இரண்டு கூட்டத்துக்குமே புதுப்பள்ளி கிடைக்கவில்லை. அங்கேயும் வித்தியாசம் தெரிந்திருந்தால் பள்ளி அல்லாத வேறு ஏதோ ஒன்று அந்த மாவட்டங்களில் வேலை செய்கிறது என்று ஆகிவிடும். அப்படி ஒன்றும் தெரியவில்லை. தன் வாதம் உடையக்கூடிய இடத்தைத் தானே தேடிப் போய்த் தட்டிப் பார்ப்பது இதுதான். வகுப்பில் பிள்ளைகளிடம் நான் கெஞ்சிக் கேட்பதும் இதைத்தான். விடை கிடைத்துவிட்டது என்று பேனாவை மூடாதே. நீ சொன்னது தப்பாக இருந்தால் இன்னும் எங்கெல்லாம் தெரியும் என்று பார். கடைசியில் அவருக்குக் கிடைத்தது, ஒரு வருடப் படிப்புக்கு 6.8 முதல் 10.6 சதவீதம் வரை கூலி உயர்வு. (அ) என்று சொன்ன பதினாலு பேரும் முழுத் தப்பில்லை. அவர்கள் காட்டிய காரணம்தான் போதவில்லை.

ஆனால் இதிலிருந்து அடுத்த படிக்குத் தாவுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பதறுகிறது. 'ஒரு ஆள் படித்தால் வருமானம் கூடும், ஆகவே எல்லோரும் பட்டம் வாங்கினால் எல்லோர் வருமானமும் கூடும்.'

பஸ் ஸ்டாண்டில் பார்த்திருப்பீர்கள். பஸ் உள்ளே திரும்பும்போதே ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். துண்டு போட்டவருக்கு சீட் கிடைக்கும். துண்டு காரணம், சீட் விளைவு, சந்தேகமே இல்லை. அதற்காக நூறு பேரும் துண்டு போட்டால் நூறு சீட் ஆகிவிடுமா? பஸ்ஸில் இருப்பது ஐம்பத்து சொச்சம்தான். அடுத்த நாள் எல்லோரும் இரண்டு துண்டோடு வருவார்கள். பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதியதன் சாரம் எனக்குப் புரிந்தது இந்தத் துண்டை வைத்துத்தான். முதலாளிக்கு எதிரே நிற்கிற ஆளின் திறமை தெரியாது. பட்டம் வாங்க முடிந்தவன் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அடையாளத்துக்கு அதைப் பார்க்கிறார். அந்தப் படிப்பு ஆளின் வேலைத்திறனை ஒரு துளிகூட மாற்றாவிட்டாலும், பட்டம் சம்பளத்தைக் கூட்டும். அவருக்கு 2001இல் நோபல் கொடுத்தார்கள்.

நம் மாநில அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தேவை பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. 2022இல் முதலில் அறிவித்த இடங்கள் 7300 சொச்சம். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பத்தாவது போதும் என்ற அந்த வரிசையில் பி.இ., எம்.எஸ்சி., எம்.ஃபில். எல்லாம் நின்றது. அந்தப் பிள்ளைகளின் படிப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. அறிவு வேறு, துண்டு வேறு. கல்லூரியில் கற்றது அவர்களுக்குள் இருக்கிறது. ஆனால் சீட்டைக் கூட்டாமல் துண்டை மட்டும் கூட்டிவிட்டு, 'படிக்கச் சொன்னோமே' என்று பிள்ளைகளைக் குறை சொல்வது அநியாயம். இந்தோனேசியாவிலேயே டுஃப்லோ பிறகு தொடர்ந்து பார்த்தபோது, படித்த இளையவர்கள் வேலைச் சந்தைக்குள் பெருகிய பகுதிகளில் மூத்தவர்களின் கூலி இறங்கியிருந்தது. ஒருவருக்கு உண்மையானது ஊருக்கே அப்படியே உண்மையாவதில்லை.

இன்னொரு பக்கம், 'படிக்காத மேதை' வாதம். காமராசர் படித்தாரா, ஜி.டி. நாயுடு காலேஜுக்குப் போனாரா என்று கேட்பார்கள். எங்கள் கொங்குப் பகுதியில் ஜி.டி. நாயுடுவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அவர்கள் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர்களோடு அதே வயதில் பள்ளியை விட்ட மற்ற பையன்கள் எங்கே? அவர்கள் பெயரில் தெருவும் இல்லை, சிலையும் இல்லை. ஜெயித்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, படிப்பை விட்டதுதான் காரணம் என்று சொல்லக்கூடாது. இதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

அந்தப் பெண் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். "நீங்களே வந்து அம்மாகிட்டச் சொல்லுங் சார்." போனேன். லைன் வீடு, ஓர் அறை, ஒரு சமையல் மூலை. அம்மா தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். கம்பெனியிலிருந்து மூட்டையாகக் கொடுத்துவிடுவார்கள், டஜன் கணக்கில் காசு. குழந்தைகள் போடும் சின்னச் சட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்து உதறி, கழுத்துப் பட்டியில் ஒரு வெட்டு, கை ஓரத்தில் ஒரு வெட்டு, அடியில் ஒரு வெட்டு. பேசும்போதும் கை நிற்கவில்லை. மடியில் நூல் துணுக்குகள் பஞ்சு மாதிரி சேர்ந்திருந்தன. மூலையில் பையன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினான். ராத்திரி ஒன்றரை ஷிப்டாம்.

நான் முதலில் வயதைச் சொன்னேன். ஒருவன் இரண்டு வருடமாகச் சம்பாதிக்கிறான், ஒருத்தி இன்னும் வேலைக்கே போகவில்லை. இன்றைக்கு எடுத்த போட்டோவில் அவன் முன்னால்தான் நிற்பான். நாற்பது வயதில் இருவரையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். பீஸ் ரேட்டில் வேகம்தான் சம்பளம், கண்ணும் முதுகும் இருக்கிறவரைக்கும்தான் வேகம். அதே சமயம் இவள் படித்த வருடங்களில் சம்பாதித்திருக்கக்கூடியதும் கணக்கில் வரும், அதை மறைக்கக்கூடாது என்றும் சொன்னேன்.

"படிச்ச புள்ளைகதானுங் எங்க பாத்தாலும் வேலையில்லாம இருக்குதுக" என்றார்.

அது உண்மை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியில் உள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2022இல் இளைஞர்களில் பட்டதாரிகளின் வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வேலையின்மை 3.4 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு, 'பார், படிப்புதான் வேலையைக் கெடுக்கிறது' என்று வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். வேலையில்லாதவர் என்று யாரை எண்ணுகிறார்கள்? வேலை தேடிக்கொண்டு, கிடைக்காமல் இருப்பவரை. தேடிக்கொண்டு இருப்பதற்குச் சோறு வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கூலி ஆள் காத்திருக்க முடியாது. மூட்டை தூக்கவோ சித்தாள் வேலைக்கோ அன்றைக்கே போவார், எந்தக் கூலி கொடுத்தாலும். கணக்கில் அவர் வேலையில் இருக்கிறார். அந்த 3.4 நல்ல வேலையின் எண் இல்லை, காத்திருக்க வழியில்லாதவர்களின் எண். 29.1க்குள் படிப்புக்கேற்ற வேலைகளை இந்த நாடு உண்டாக்கவில்லை என்ற பெரிய குற்றம் இருக்கிறது. படித்தது குற்றம் என்பது அதில் இல்லை.

அந்த அம்மாவுக்கு நான் எண்ணைச் சொல்லவில்லை. "உங்க பொண்ணு காத்திருக்கறதுக்குக் காரணம் படிப்பு மட்டும் இல்லீங்க, உங்க பையன் சம்பளமும்தான்" என்றேன். அப்போதுதான் கத்தரி ஒரு நிமிடம் நின்றது. தூங்குகிற பையனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங் சார், இவன் காலேஜ் போயிருந்தான்னா இன்னைக்கு எவ்வளவு வாங்குவான்னு ஆராச்சும் சொல்ல முடியுங்களா?"

முடியாது என்றேன். போயிருந்தால் என்கிற பையன் எங்கேயும் இல்லை, இருப்பது இந்தப் பையன்தான். ஆயிரம் பையன்களை இந்தப் பக்கமும் ஆயிரம் பையன்களை அந்தப் பக்கமும் வைத்தால் சராசரி என்ன என்று ஓரளவு சொல்லலாம். ஒருத்தனைப் பற்றி எவராலும் சொல்ல முடியாது.

"அப்ப அந்த ஆயிரத்துல என்ர பையன் எங்க நிக்கறான்னு நாந்தானுங்களே பாக்கோணும்" என்றார். கொஞ்ச நேரம் வெட்டினார். பிறகு, "உங்க வகுப்பை ஞாயித்துக்கெழம வெக்க முடியுங்களா? அன்னைக்குத்தான் அவனுக்கு லீவு. அவனும் வந்து குக்கீட்டுப் பாக்கட்டும்" என்றார். எத்தனை மணிக்கு வைக்கட்டும் என்று கேட்டேன்.

"பத்து மணி வரைக்கும் தூங்குவானுங்."

நூலகரிடம் பேசிவிட்டேன். வருகிற வாரத்திலிருந்து வகுப்பு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு.